குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது: எந்த ஆய்வு முறையை நம்பி அறிக்கை எழுதுவது?

இறந்தவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட குண்டு ஒன்றும், சந்தேகிக்கப்படுபவரிடம் கைப்பற்றப்பட்ட துப்பாக்கி ஒன்றும் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது அதிலிருந்து சுடப்பட்டதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடக் கடந்த நூறு ஆண்டுகளில் ஐந்து வழிகள் உருவாகியுள்ளன. இரண்டு குண்டுகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்துக் கண்ணால் பார்ப்பது, பொருந்தும் கீறல்களை எண்ணிக் கணக்கிடுவது, கணினித் தரவுத்தளத்தில் தேடுவது, குண்டின் ஈயத்தை வேதியியல் முறையில் பகுத்தறிவது, மேற்பரப்பின் மேடுபள்ளங்களை முப்பரிமாணத்தில் அளந்து மதிப்பெண் தருவது ஆகியவையே அவை. எதற்குப் பணம் ஒதுக்குவது என்று ஆய்வகத்தை நடத்துபவரும், எதைக் கேட்டு வாங்குவது என்று புலனாய்வு அதிகாரியும், எதற்கு எவ்வளவு எடை தருவது என்று நீதிபதியும் இவற்றுள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பீட்டு நுண்ணோக்கியை விட்டுவிட முடியாது. ஆனால் அதில் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதே தெரியாத இரண்டாவது நிபுணர் ஒருவர் அதே சான்றைத் தனியாகப் பார்க்க வழி செய்யாத ஆய்வகம், எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கினாலும் பயனில்லை. அதை முதலில் செய்துவிட்டு, பிறகு முப்பரிமாண அளவீட்டுக்குப் போகலாம். தரவுத்தளம் துப்புக்கு மட்டும். ஈயத்தின் வேதியியல் வேண்டவே வேண்டாம்.

இந்த முடிவுக்கான காரணங்களைப் பார்க்குமுன், ஒப்பிடப்படுவது என்ன என்பது தெளிவாக வேண்டும். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் இருக்கின்றன. குண்டு வெளியேறும்போது அந்த மேடுகள் அதன் பக்கங்களில் அழுந்தித் தடம் பதிக்கின்றன. தோட்டாவின் பின்பகுதியான உறையிலோ, தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசியான ஃபயரிங் பின் பதித்த குழியும், வெடிப்பின் அழுத்தத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, உறையைத் தாங்கி நிற்கும் துப்பாக்கியின் பின்முகத்தில் மோதிய அச்சும், உறையை இழுத்து வெளியே எறியும் கொக்கிகளின் கீறலும் பதிகின்றன. இவற்றுள் சில அடையாளங்கள் வகைக்கு உரியவை: குழலின் விட்டம், பள்ளங்களின் எண்ணிக்கை, அவை வலப்பக்கம் திரும்புகின்றனவா இடப்பக்கமா, அவற்றின் அகலம். இவை ஒரே மாதிரித் தயாரிப்பான ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்குப் பொதுவானவை. ஒன்று மாறினாலும் அந்தத் துப்பாக்கியை ஐயமின்றி விலக்கிவிடலாம்; ஆனால் எல்லாம் பொருந்தினாலும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியைச் சுட்டிக்காட்ட முடியாது. உற்பத்தியின்போது வெட்டுக்கருவி விட்டுச்சென்ற நுண்கீறல்கள், தேய்மானம், துரு, பராமரிப்புக் குறைவு ஆகியவற்றால் உண்டாகும் தனி அடையாளங்களை வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பொல்லாத அடுக்கும் உண்டு. ஒரே வெட்டுக்கருவியால் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட குழல்களில், அந்தக் கருவியின் குறை ஒன்று எல்லாக் குழல்களிலும் ஒரே மாதிரியாகப் பதிந்திருக்கலாம். பார்ப்பவருக்கு அது தனி அடையாளம் போலவே தோன்றும். எந்த முறையைத் தேர்ந்தாலும், இந்தத் துணைவகை அடையாளத்தைத் தனி அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் தப்பிக்க அது வழி தருகிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது.

முதல் வழியான ஒப்பீட்டு நுண்ணோக்கி பிறந்ததே ஒரு அநீதிக்குப் பிறகுதான். 1915இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணை உரிமையாளரும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பண்ணைத் தொழிலாளியான சார்ல்ஸ் ஸ்டீலோ கைது செய்யப்பட்டார். நிபுணர் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஆல்பர்ட் ஹாமில்டன், குண்டுகளில் உள்ள ஒன்பது அடையாளங்கள் ஸ்டீலோவின் துப்பாக்கியுடன் பொருந்துகின்றன என்று சாட்சி சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் முறையாகப் பரிசோதித்தபோது அந்தச் சாட்சியம் நிற்கவில்லை. 1918இல் ஸ்டீலோ விடுதலையானார். அந்த மறுவிசாரணையில் ஈடுபட்ட சார்ல்ஸ் வெயிட், இனி இப்படி நடக்கக்கூடாது என்று துப்பாக்கித் தயாரிப்பாளர்களிடம் அளவுகளைத் திரட்டத் தொடங்கினார். 1925இல் அவரும் கால்வின் காடர்டும், ஃபிலிப் கிராவெல்லும், ஜான் ஃபிஷரும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு துப்பாக்கித் தடய ஆய்வகத்தை நிறுவினர். இரண்டு நுண்ணோக்கிகளை ஒரு ஒளிப்பாலத்தால் இணைத்து, இரு பொருள்களை ஒரே பார்வைவட்டத்தில் காட்டும் கருவியைத் துப்பாக்கி ஆய்வுக்கு ஏற்றவாறு அமைத்தவர் கிராவெல். 1929இல் சிகாகோவில் காதலர் தினத்தன்று ஏழு பேர் சுடப்பட்ட வழக்கில், சுட்டவை இரண்டு தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள் என்றும், பின்னர் மிச்சிகனில் கிடைத்த இரண்டும் அவையே என்றும் காடர்ட் சொன்னபோது இந்தத் துறைக்கு உலகப்புகழ் கிடைத்தது.

இதில் என்னதான் பார்க்கிறார்கள்? சந்தேகத் துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, சிதையாத இரண்டு மூன்று குண்டுகளை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். சம்பவ இடத்துக் குண்டு இடப்பக்கத் தாங்கியிலும் சோதனைக் குண்டு வலப்பக்கத் தாங்கியிலும் மெழுகால் பொருத்தப்படுகின்றன. பார்வைவட்டத்தின் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடும். கோட்டுக்கு இப்பக்கம் ஒரு குண்டு, அப்பக்கம் மற்றொன்று. வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழ, மேடு பதிந்த தடத்தின் அடிப்பகுதியில் கீறல்கள் இருளும் ஒளியுமாகத் தெரியும். இடக்குண்டை அசையாமல் வைத்து வலக்குண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே போனால், பெரும்பாலான இடங்களில் கீறல்கள் நடுக்கோட்டில் முட்டி அறுந்துபோகும். ஏதோ ஒரு நிலையில் இடப்பக்கக் கீறல்கள் கோட்டைத் தாண்டி வலப்பக்கத்தில் அப்படியே தொடர்ந்தால், அடுத்த தடத்துக்கும், அதற்கடுத்ததற்கும் இரண்டையும் சேர்த்தே சுழற்றிப் பார்க்கிறார்கள். ஒரு தடத்தில் தொடர்ந்தால் போதாது. ஆறு தடங்கள் கொண்ட குண்டில் பலவற்றிலும் அதே ஒழுங்கு தொடர வேண்டும். சோதனைக் குண்டுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அந்தக் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தடம் பதிக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது இதற்கு முன்னரே நடந்திருக்க வேண்டும். இந்தப் படி தவிர்க்கப்பட்ட அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

இந்த முறையின் பலம் பெரியது. நசுங்கிய குண்டையும், உலோக மேலுறை பாதி கழன்ற குண்டுத் துண்டையும், அழுக்கேறிய தோட்டா உறையையும் பழகிய கண்ணால் கையாள முடிகிறது. எந்தத் தடம் நம்பத்தக்கது, எது எலும்பில் உரசியதால் வந்தது என்று பிரித்தறிய முடிகிறது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. துப்பாக்கி மற்றும் கருவித்தட நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் 1992இல் ஏற்றுக்கொண்ட அடையாளக் கோட்பாட்டின்படி, 'போதுமான ஒற்றுமை' இருந்தால் இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை எனலாம். எவ்வளவு இருந்தால் போதும் என்பதை நிபுணரின் பயிற்சியும் அனுபவமும் முடிவு செய்கின்றன. அதாவது அளவுகோல் நிபுணரின் தலைக்குள் இருக்கிறது. குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரால் அதை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்க முடியாது.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஆண்டனி ரே ஹின்டன் வழக்கைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1985இல் நடந்த இரண்டு கொலைகளிலும், ஒருவர் உயிர்தப்பிய மூன்றாவது கொள்ளையிலும் கிடைத்த ஆறு குண்டுகளும் அவருடைய தாயார் வீட்டில் இருந்த .38 ரிவால்வரிலிருந்து சுடப்பட்டவை என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள். கைரேகை இல்லை. அவருடைய வழக்கறிஞர், நிபுணருக்கு 1,000 டாலருக்கு மேல் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று தவறாக நம்பி, ஒரு கண் பார்வை மட்டுமே கொண்ட, ஒப்பீட்டு நுண்ணோக்கியைக் கையாளவே சிரமப்பட்ட ஒருவரைத் தம் தரப்புக்கு நிறுத்தினார். 1986இல் மரண தண்டனை. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தற்காப்பு போதாதது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மீண்டும் பரிசோதித்தபோது அந்தக் குண்டுகளை அந்த ரிவால்வரோடு இணைக்க அரசின் சொந்த ஆய்வகத்தாலேயே முடியவில்லை. 2015 ஏப்ரலில் ஹின்டன் வெளியே வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரின் வாழ்க்கை ஆறு குண்டுகளைப் பற்றிய ஒரு கருத்தின் மேல் நின்றது. எதிர்த்தரப்பு நிபுணருக்கு அதே சான்றைச் சரியாகப் பார்க்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் பயிற்சி பெற்ற கண் எவ்வளவு தவறுகிறது? இதற்கு நீண்ட காலம் நேர்மையான எண் இருக்கவில்லை. அடுத்தடுத்துச் செய்யப்பட்ட பத்து ரூகர் கைத்துப்பாக்கிக் குழல்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான புகழ்பெற்ற சோதனையில், இருபது நாடுகளைச் சேர்ந்த 507 பேர் கலந்துகொண்டும் ஒரு தவறான பொருத்தமும் நேரவில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு புதிர்க் குண்டுக்கும் விடை கொடுக்கப்பட்ட பத்துக் குழல்களுக்குள்ளேயே இருந்தது. பொருந்தாததை ஒவ்வொன்றாகக் கழித்தே விடையை எட்டிவிடலாம். உண்மை வழக்கில் அந்தச் சலுகை இல்லை. அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல் இந்தத் துறையைப் பரிசீலித்தபோது, சரியாக வடிவமைக்கப்பட்டதாக ஒரே ஒரு சோதனையைத்தான் கண்டது. அமெரிக்க அரசின் ஏம்ஸ் ஆய்வகம் 2014இல் அளித்த அந்த ஆய்வில் 218 நிபுணர்கள் தோட்டா உறைகளை ஒப்பிட்டனர். வெவ்வேறு துப்பாக்கிகளைச் சேர்ந்த 2,178 ஒப்பீடுகளில் 22 முறை 'ஒன்றே' என்று தவறாகச் சொல்லப்பட்டது. அந்த 22இல் 20 தவறுகள் ஐந்தே ஐந்து நிபுணர்களிடமிருந்து வந்தவை. சராசரி எண் ஆறுதலாகத் தெரியலாம். என்னைப் பொறுத்தவரை இந்த ஐந்து பேர்தான் அந்த ஆய்வின் உண்மையான செய்தி: உங்கள் வழக்கைப் பார்த்தவர் அவர்களுள் ஒருவரா என்பது சராசரியிலிருந்து தெரியாது.

அதே ஆய்வில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த 2,178 ஒப்பீடுகளில் 735இல் நிபுணர்கள் 'உறுதி செய்ய இயலவில்லை' என்று விட்டுவிட்டனர். அதாவது மூன்றில் ஒன்றில். இவற்றைப் பிழையென்று கொள்வதா, சரியென்று கொள்வதா, கணக்கிலிருந்து நீக்குவதா என்பதைப் பொறுத்துப் பிழைவிகிதம் மாறுகிறது. நீக்கிவிட்டுப் பார்த்த ஆலோசனைக் குழு, 66க்கு ஒன்று என்றும், புள்ளியியல் எல்லைக்குள் 46க்கு ஒன்றுவரை போகலாம் என்றும் கணித்தது. பின்னர் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் ஏம்ஸும் 173 நிபுணர்களைக் கொண்டு நடத்திய பெரிய சோதனையில் தவறான பொருத்தம் குண்டுகளில் 0.656 சதவீதம், உறைகளில் 0.933 சதவீதம் என்று வந்தது. ஆனால் வேறு துப்பாக்கியிலிருந்து வந்த குண்டுகளைக் காட்டியபோது பாதிக்கும் மேற்பட்ட விடைகள் 'இயலவில்லை' என்பதே. அதே குண்டுகளை அதே நிபுணரிடம் மீண்டும் கொடுத்தபோது, பொருந்தாத ஜோடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான் முதலில் சொன்ன விடையையே சொன்னார்கள். 'இயலவில்லை' என்று சொல்லத் தயங்காத நிபுணரை நான் மதிக்கிறேன். ஆயினும் சோதனைக்கூடத்தில் அந்தப் பதில் இலவசமாகக் கிடைக்கும்போது, வழக்கறையில் அழுத்தத்தின் கீழ் அவர் அதே தயக்கத்தைக் காட்டுவாரா என்பது இந்த எண்களில் இல்லை. இந்த ஆய்வுகளையெல்லாம் எடைபோட்ட அமெரிக்காவின் மேரிலாந்து மாநில உச்ச நீதிமன்றம், 2023 ஜூனில், சம்பவ இடத்துக் குண்டுகள் இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தன என்று நிபந்தனையின்றிச் சொல்ல நிபுணரை அனுமதித்திருக்கக்கூடாது என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. நிபுணரின் வாயை அது மூடவில்லை. சான்று தாங்கும் அளவுக்குப் பேசச் சொல்கிறது.

இரண்டாவது வழி, அளவுகோலைத் தலையிலிருந்து தாளுக்குக் கொண்டுவர முயன்றது. ஆல்ஃபிரட் பியாசோட்டி 1950களில் ஸ்மித் அண்ட் வெஸன் .38 ரிவால்வர்களைக் கொண்டு செய்த ஆய்வில், வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்த குண்டுகளிலும் 15 முதல் 20 சதவீதக் கீறல்கள் தற்செயலாகப் பொருந்துவதைக் கண்டார். ஒரே துப்பாக்கியிலிருந்து வந்த உலோக உறையிட்ட குண்டுகளில் பொருத்தம் 21 முதல் 24 சதவீதம் மட்டுமே. இடைவெளி அவ்வளவு குறுகல் என்பதால் சதவீதத்தை நம்ப முடியாது. ஆனால் இடையறாமல் அடுத்தடுத்துப் பொருந்தும் கீறல்களின் கூட்டம் வெவ்வேறு துப்பாக்கிகளில் அரிது. இதிலிருந்து அவரும் ஜான் மர்டாக்கும் வகுத்த விதி: ஆழமுள்ள தடங்களில் அடுத்தடுத்து மூன்று கீறல்கள் கொண்ட இரண்டு கூட்டங்களாவது, அல்லது ஆறு கீறல்கள் கொண்ட ஒரு கூட்டமாவது பொருந்த வேண்டும், ஆழமற்ற தடங்களில் ஐந்து கொண்ட இரண்டு அல்லது எட்டு கொண்ட ஒன்று. எண் ஒன்று அறிக்கையில் வருவதால் இன்னொருவர் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம் என்பது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் எது ஒரு கீறல், எது இரண்டு என்பதை முடிவு செய்வது மறுபடியும் கண்தான். அத்துடன் ஃபயரிங் பின் குழிக்கும் பின்முக அச்சுக்கும் இந்த விதி பெரும்பாலும் பொருந்தாது. தனி முறையாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. குண்டு ஒப்பீட்டில் நிபுணர் தம் முடிவோடு இந்த எண்ணையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆய்வகம் விதிப்பதற்குச் செலவே இல்லை என்பதால், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

மூன்றாவதான தரவுத்தளத்தைப் பற்றி மக்களிடம் இருக்கும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. கனடாவில் உருவான ஐபிஸ் போன்ற அமைப்புகள் உறையின் படத்தை எடுத்து, சேமிப்பில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, ஒத்தவை எனத் தோன்றுவனவற்றை வரிசைப்படுத்தித் தருகின்றன. அது ஒரு பட்டியல் மட்டுமே. பொருத்தம் உண்டா என்பதை நிபுணர் உண்மைச் சான்றுகளை நுண்ணோக்கியில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். குற்ற இடங்களில் கிடைத்தவற்றை மட்டும் சேமித்தால், வேறு வேறு ஊர்களில் நடந்த சூடுகளுக்குப் பின்னால் ஒரே துப்பாக்கி இருப்பதை இது காட்டிக்கொடுக்கும். 1999 முதல் அமெரிக்காவில் இயங்கும் தேசிய வலையமைப்பின் பயன் அதுதான். விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியின் உறையையும் சேமித்து வைப்பது என்பது வேறு விஷயம். மேரிலாந்து மாநிலம் 2000 முதல் அப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகளைச் சேர்த்து, ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவழித்து, அதனால் ஒரு வழக்குகூடத் தீராத நிலையில் 2015இல் கைவிட்டது. காரணம் புரியாததல்ல. 600 சிக் சாவர் துப்பாக்கிகளிலிருந்து சுடப்பட்ட 4,200 உறைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2004இல் வெளியான சோதனையில், அதே நிறுவனத்தின் தோட்டாவைச் சுட்டபோது சரியான விடை முதல் பத்து இடங்களுக்குள் 72 சதவீத முறை வந்தது. வேறு நிறுவனத்தின் தோட்டாவுக்கு மாறியதும் அது 21 சதவீதமாக வீழ்ந்தது. குற்றவாளி எந்த நிறுவனத்தின் தோட்டாவை வாங்குவான் என்று யார் முன்கூட்டி அறிவார்?

ஈய வேதியியலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. துப்பாக்கியே கிடைக்காதபோது, உடலில் இருந்த குண்டும் சந்தேகிக்கப்படுபவர் வீட்டில் இருந்த தோட்டாப் பெட்டியும் ஒன்றே என்று காட்ட எஃப்.பி.ஐ. பல்லாண்டுகளாக இதைப் பயன்படுத்தியது. ஆன்டிமனி, ஆர்செனிக், செம்பு, பிஸ்மத், வெள்ளி, வெள்ளீயம், காட்மியம் ஆகிய ஏழு தனிமங்களின் அளவு ஒத்துப்போனால் 'ஒரே பெட்டி' என்றுகூடச் சில நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2004இல் கண்டறிந்தது இது: அளக்கும் கருவியில் குறையில்லை, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் குறை. ஒரு முறை உருக்கிய ஈயத்திலிருந்து 12,000 முதல் 3.5 கோடி வரை .22 குண்டுகள் வரக்கூடும். ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு உருக்கங்களின் குண்டுகளும் இருக்கும். 1980களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 2,500 வழக்குகளில் செய்துவந்த இந்தப் பரிசோதனையை எஃப்.பி.ஐ. 2005 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இதை இங்கே விரித்ததற்குக் காரணம் உண்டு. துல்லியமான கருவி தரும் எண்ணைக் கண்டு மயங்குபவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இல்லை. அடுத்து வரும் முப்பரிமாண முறைக்கும் அது பொருந்தும்.

முப்பரிமாண அளவீடுதான் இன்று மிகவும் நம்பிக்கை தரும் வழி. நுண்ணோக்கியில் தெரிவது ஒளியும் நிழலும். விளக்கின் கோணத்தை மாற்றினால் கீறலின் தோற்றமும் மாறும். கன்ஃபோக்கல் நுண்ணோக்கி போன்றவை மேற்பரப்பின் உயரத்தையே மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுட்பத்தில் அளக்கின்றன. வெளிச்சத்தைப் பற்றிய வாதம் அங்கே இல்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், எல்லா ஆய்வகங்களும் தம் கருவியைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு மாதிரிக் குண்டையும் மாதிரி உறையையும் தயாரித்து வழங்குகிறது. ஆய்வுக்கான திறந்த தரவுத்தளம் ஒன்றையும் நடத்துகிறது. அங்கே ஜான் சாங் வகுத்த முறையில், உறையின் பின்முக அச்சைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் மற்ற உறையில் அதே இடத்தில் அதே சாய்வில் பொருந்துகிறதா என்று கணினி எண்ணுகிறது. அடுத்தடுத்துச் செய்யப்பட்ட பத்து ரூகர் பின்முகங்களிலிருந்து வந்த 40 உறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட 780 ஜோடிகளில், ஒரே துப்பாக்கியைச் சேர்ந்த 63 ஜோடிகளும் மற்ற 717 ஜோடிகளும் ஒன்றையொன்று தொடாமல் தெளிவாகப் பிரிந்து நின்றன. துணைவகை அடையாளம் ஏமாற்றக்கூடும் என்று அஞ்சப்படும் துப்பாக்கிகளிலேயே அப்படிப் பிரிந்தது என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் இவை ஆய்வகத்தில் பக்குவமாகச் சுடப்பட்ட, அழுக்குப்படாத உறைகள். எலும்பில் மோதிக் காளான்போல் விரிந்த குண்டுக்கும், சுவரில் பட்டுக் கிழிந்த செப்புத் துண்டுக்கும் கணினி தரும் மதிப்பெண் என்ன பொருள் தரும் என்பதற்கு அந்தந்த வகைச் சான்றுகளைக் கொண்டே சோதனை நடந்திருக்க வேண்டும். அது நடக்காமல், நல்ல உறைகளில் கிடைத்த பிழைவிகிதத்தை நசுங்கிய குண்டுக்குப் பொருத்திச் சொல்வது ஈய விவகாரத்தில் செய்த அதே தவறு. ஆகவே மதிப்பெண் நிபுணரின் முடிவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டும் முரண்பட்டால், அந்த முரண்பாடு அறிக்கையில் மறைக்கப்படாமல் வர வேண்டும்.

முப்பரிமாணத்தின் இன்னொரு பயனை நான் மதிப்பெண்ணைவிடப் பெரிதாக நினைக்கிறேன். மேற்பரப்பை ஒருமுறை அளந்துவிட்டால், அந்தக் கோப்பை உலகில் எங்குள்ள நிபுணருக்கும் அனுப்பலாம். சான்றுப்பொருள் ஆய்வகத்தை விட்டு நகர வேண்டியதில்லை, வழியில் தொலையும் அச்சமில்லை, யார் கைக்குப் போனது என்ற கேள்வியும் எழாது. எதிர்த்தரப்பு நிபுணர் தம் மேசையிலேயே அதைத் திருப்பிப் பார்க்கலாம். முதல் முடிவை அறியாத இரண்டாம் ஆய்வுக்கு இதைவிட நல்ல வசதி இதுவரை இருந்ததில்லை. ஹின்டனுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

வழக்கமான ஆய்வகங்களில் 'சரிபார்ப்பு' என்ற பெயரில் நடப்பது, முதல் நிபுணர் கண்டுபிடித்துப் பொருத்தி வைத்த நிலையைப் பக்கத்து மேசைக்காரர் வந்து பார்த்துக் கையொப்பமிடுவதுதான். முடிவு தெரிந்தபின் பார்க்கும் கண், அந்த முடிவையே தேடும். இதை மாற்றச் சில ஏற்பாடுகள் போதும். வழக்கின் விவரமும் ஒப்புதல் வாக்குமூலமும் நிபுணரிடம் போகாமல் இடையில் ஒருவர் தடுக்க வேண்டும். சோதனைக் குண்டுகளைக் காண்பதற்கு முன், சம்பவ இடத்துக் குண்டில் தெரியும் அடையாளங்களை முதலில் படமெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டாம் நிபுணருக்கு முதல்வரின் குறிப்புகள் இல்லாமல், பொருந்தாதது என்று ஏற்கெனவே தெரிந்த குண்டு ஒன்றையும் கலந்து தர வேண்டும். ஹூஸ்டன் தடய அறிவியல் மையம் செய்வதைப்போல, விடை தெரிந்த போலி வழக்குகளை நிபுணர்களுக்குத் தெரியாமல் அன்றாட வேலையோடு கலந்து அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஆள்நேரம் செலவாகும். ஆனாலும் ஒரு முப்பரிமாணக் கருவியின் விலையைவிடக் குறைவு. டெட்ராய்ட் காவல்துறையின் ஆய்வகத்தில் 200 துப்பாக்கி வழக்குகளைத் தணிக்கை செய்தபோது ஏறத்தாழப் பத்து சதவீதத்தில் பிழை இருந்தது. 2008இல் அந்த ஆய்வகமே மூடப்பட்டது. அங்கே குறைந்தது கருவியல்ல, மறுபரிசீலனைதான்.

பணம் ஒரு பக்கம் இருக்க, சான்றின் தன்மையும் தேர்வை மாற்றும். குண்டும் உறையும் இரண்டும் கிடைத்தால் உறைக்கு முன்னுரிமை தருவது நல்லது. அது மோதிச் சிதைவதில்லை, முப்பரிமாண முறைகளும் அதில்தான் அதிகம் சோதிக்கப்பட்டுள்ளன. ஆனால் ரிவால்வர் உறைகளைத் தானே வெளியே எறிவதில்லை என்பதால் அத்தகைய வழக்குகளில் குண்டு மட்டுமே மிஞ்சும். கூரிய விளிம்புகளுக்குப் பதிலாக வளைந்த பல்கோண வடிவத் துளை கொண்ட குழல்கள், பல க்ளாக் துப்பாக்கிகளில் இருப்பவை போன்றவை, குண்டில் மிகக் குறைந்த கீறல்களையே பதிக்கின்றன. அங்கே குண்டை விட்டுவிட்டு உறையில் அந்தத் துப்பாக்கிகளின் ஃபயரிங் பின் துளை விட்டுச்செல்லும் செவ்வக வடிவ உரசலைத் தேடுவதே பயன் தரும். உறையிடாத .22 ஈயக் குண்டுகள் மென்மையானவை, எளிதில் நசுங்குபவை. பெரும்பாலும் 'இயலவில்லை' என்ற முடிவையே அவற்றில் எதிர்பார்க்க வேண்டும். எந்தச் சான்றானாலும், சோதனைச் சூட்டுக்குச் சம்பவ இடத்தில் கிடைத்த அதே வகைத் தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும். குண்டின் பக்கத்தில் எண் பொறிக்கக்கூடாது, உலோக இடுக்கியால் பிடிக்கக்கூடாது, ரத்தமும் துணி இழைகளும் எடுக்கப்பட்ட பிறகே கழுவ வேண்டும். கைப்பற்றிய அதிகாரி குழலுக்குள் பேனாவையோ கம்பியையோ விட்டுத் தூக்கியிருந்தால், எந்த முறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எஞ்சியிருப்பது அறிக்கையின் வாசகம். 'உலகில் உள்ள மற்ற எல்லாத் துப்பாக்கிகளையும் விலக்கி' என்ற பழைய சொற்றொடரை அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே தம் நிபுணர்களுக்குத் தடை செய்துள்ளது; நூறு சதவீத உறுதி என்றும் அவர்கள் சொல்லக்கூடாது. ஐரோப்பியத் தடய அறிவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2015இல் வகுத்த வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே சென்று, இந்தத் துப்பாக்கிதான் சுட்டது என்று கொண்டால் இத்தகைய ஒற்றுமை தென்பட எவ்வளவு வாய்ப்பு, அதே வகையைச் சேர்ந்த வேறொரு துப்பாக்கி சுட்டது என்று கொண்டால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் எடைபோட்டு எழுதச் சொல்கிறது. நெதர்லாந்து தடய அறிவியல் நிறுவனம் இந்த முறையில் அறிக்கை தருகிறது. நான் தேர்ந்தெடுப்பதும் இந்த வாசகத்தைத்தான். இரண்டாவது வாய்ப்பையும் நிபுணர் எழுத வேண்டியிருப்பதால், துணைவகை அடையாளத்தை அவர் ஆராய்ந்தாரா இல்லையா என்பது அறிக்கையிலேயே வெளிப்பட்டுவிடும். ஆராயாமல் விட்டிருந்தால், குறுக்கு விசாரணை செய்பவருக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிடுகிறது.